ஒமெப்ரசோல்: சாப்பாட்டுக்கு முன் அந்த அரை மணித்தியாலம்

வெள்ளவத்தையில் இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டி சாப்பிட்டு, நெஞ்செரிவு தொடங்கியதும் இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் ஒன்றைப் போட்டுக்கொண்டு படுப்பவர்கள் பலர். எரிவு அடங்காவிட்டால் இன்னொன்று. மருந்தில் பிழையில்லை, போட்ட நேரம்தான் பிழை.

இரைப்பைச் சுவரின் கலங்களில் அமிலத்தை வெளியே தள்ளும் புரோத்தன் பம்பிகள் இருக்கின்றன. சாப்பிடும்போதுதான் அவற்றில் பெரும்பாலானவை இயங்கும். ஒமெப்ரசோல் இயங்கும் பம்பியை மட்டுமே பூட்டும். மருந்து சிறுகுடலில் கரைந்து இரத்தம் வழியாக அங்கே போய்ச் சேர நேரம் பிடிக்கும். இரத்தத்திலோ அது சில மணித்தியாலங்களுக்கு மேல் நிற்காது. அதனால்தான் காலைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு, வெறும் வயிற்றில் போடச் சொல்கிறார்கள். இடியப்பம் வயிற்றில் இறங்கிப் பம்பிகள் விழிக்கும்போது மருந்து அங்கே காத்திருக்க வேண்டும். பூட்டிய பம்பி திரும்பத் திறக்காது, உடல் புதிதாகச் செய்ய வேண்டும். ஒரு 20 மில்லிகிராம் நாள் முழுக்கத் தாங்குவது இதனால்தான். முதல் நாளிலேயே எல்லாப் பம்பிகளும் அகப்படாது. முழுப் பலன் தெரிய 3, 4 நாளாகும்.

கப்சியூலைத் திறந்தால் கடுகிலும் சிறிய வெள்ளை மணிகள் கொட்டும். ஒவ்வொன்றுக்கும் அமிலம் தாங்கும் பூச்சு உண்டு. மென்றாலோ இடித்தாலோ பூச்சு உடைந்து, மருந்து இரைப்பையிலேயே அழிந்துவிடும்.

அந்த இரவு எரிவுக்கு, சுரந்த அமிலத்தைத் தணிக்கும் அன்டாசிட் பாணி மருந்துதான் சில நிமிடத்தில் கேட்கும். தைரொயிட் குறைபாட்டுக்கான தைரொக்சினுக்கும் இரும்புச்சத்துக் குளிசைக்கும் அன்டாசிட்டுக்கும் நடுவே 4 மணித்தியாலம் விடுங்கள். நெஞ்சு இறுகி, வியர்த்து, கைக்கோ தாடைக்கோ வலி பரவினால் அதை வாய்வு என்று நினைத்துப் பாணி குடித்துக் காத்திருக்காமல், உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மலம் தார்போல் கறுத்து ஒட்டினால், விழுங்கச் சிரமமிருந்தால், காரணமின்றி மெலிந்தால் பாமசியில் இன்னொரு அட்டை வாங்குவது ஆபத்து. வைத்தியரிடம் போங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் குளொபிடோகிரெல் எடுப்பவர்களும் ஒமெப்ரசோல் தொடங்குமுன் கேளுங்கள். அந்த மருந்தின் வேலையை இது குறைக்கும்.

சாதாரண நெஞ்செரிவுக்கு 4 முதல் 8 வாரம் போதும். ஆண்டுக்கணக்கில் போட்டால் பி12, மக்னீசியம் குறையலாம். மாதக்கணக்கில் போட்டதைச் சட்டென்று விட்டால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து, நோய் திரும்பியதுபோல் எரியும். பலர் இதற்குப் பயந்தே மறுபடி தொடங்குகிறார்கள். வைத்தியரிடம் கேட்டு அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்து நிறுத்தலாம். இடையில் எரிந்தால் அன்டாசிட். சில வாரங்களில் சுரப்பு பழைய நிலைக்கு வந்துவிடும்.