வெள்ளிக்கிழமை இரண்டு மணி மாத்திரை

தலையணை உறைக்குள்ளிருந்து செவிலியர் எடுத்துக் காட்டிய பழைய மூக்குப்பொடி டப்பாவில் 11 மார்ஃபின் மாத்திரைகள் இருந்தன. வாய்ப்புற்று முற்றிய நிலையில் எங்கள் நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்திருந்த அந்த அம்மா, வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கும்போதெல்லாம் "மூணு" என்றே சொல்லிவந்தார். சொல்லும்போது போர்வையின் ஓரத்தை விரல்கள் இறுகப் பற்றியிருக்கும். அது தவக்காலம். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஆண்டவரே சிலுவையில மயக்க மருந்து வேணாம்னுட்டாரு. நான் மட்டும் முழுங்கிட்டுத் தூங்கவா டாக்டர்?" என்றார். (அவருடைய அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.)

அவர் சொன்னதற்கு வேத ஆதாரம் இருக்கிறது. வலியை மரக்கச் செய்யும் என்று கருதப்பட்ட வெள்ளைப்போளம் கலந்த திராட்சை மதுவை இயேசுவுக்குக் கொடுத்தார்கள், அவர் ஏற்கவில்லை என்று மாற்கு நற்செய்தியின் 15-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆகவே இத்தகைய நோயாளியை அறியாமையில் இருப்பவராகக் கருதி மருந்தியல் பாடம் நடத்துவது வீண் வேலை. பணியின் தொடக்க ஆண்டுகளில் நானும் அதைச் செய்திருக்கிறேன். வாய்வழி மார்ஃபினைச் சிறிய அளவில் தொடங்கி வலிக்கேற்பப் படிப்படியாகக் கூட்டும்போது அது ஆயுளைக் குறைப்பதில்லை, புற்றுநோய் வலிக்காக முறையாக எடுப்பவர்கள் அடிமையாவது அரிது, மலச்சிக்கல்தான் விடாமல் வரும் தொல்லை என்பதால் மலமிளக்கியையும் சேர்த்தே கொடுப்போம் என்றெல்லாம் விளக்குவேன். அத்தனையும் உண்மை, ஆனால் அவர்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் அல்ல. தன் துன்பத்துக்கு ஒரு பொருள் இருக்கிறது என்று நம்பும் ஒருவரிடம் வலியை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னால், அந்தப் பொருளையும் சேர்த்துப் பிடுங்க வருகிறோம் என்றே அவர் காதில் விழும்.

கத்தோலிக்கத் திருச்சபை இதைப் பற்றி மருத்துவர்களோடு வெளிப்படையாகவே பேசியிருக்கிறது. மயக்கவியல் மருத்துவர்கள் முன்வைத்த கேள்விகளுக்கு 1957-இல் பதிலளித்த திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், கடும் வலியைத் தணிக்க மருந்து கொடுப்பதையும் பெறுவதையும் நம்பிக்கைக்கு எதிரானதாகக் கருதவில்லை. கருணைக்கொலை குறித்து 1980-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை இன்னும் நுட்பமானது: சிலுவையில் துன்புற்ற கிறிஸ்துவோடு தம்மை இணைத்துக்கொள்ள விரும்பும் சிலர் வலிமருந்தை அளவாக எடுத்துக்கொண்டு துன்பத்தின் ஒரு பகுதியை மனமுவந்து ஏற்கலாம், ஆனால் அந்த வீரத்தை எல்லோருக்கும் பொது விதியாகச் சுமத்துவது விவேகமாகாது என்கிறது. வழியும் திறந்திருக்கிறது, கட்டாயமும் இல்லை. வார்டில் எனக்குப் பயன்பட்ட வரிகளில் இதற்கே முதலிடம்.

எனவே மாத்திரையைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு, உறவினர்களை வெளியே இருக்கச் சொல்லி, "இந்த வலியை யாருக்காக ஒப்புக்கொடுக்கிறீங்க, அம்மா?" என்று கேட்டேன். குடிக்கு ஆளான மகனுக்காக என்று தயங்காமல் சொன்னார். ஆனால் அன்றிரவு செவிலியரிடம் வேறொன்றையும் சொல்லியிருக்கிறார்: பார்க்க வந்த ஒருவர், அறிக்கையிடாத பழைய பாவம் ஏதோ இருப்பதால்தான் நாவிலேயே தண்டனை வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அன்பினால் ஒப்புக்கொடுக்கும் துன்பமும், தண்டனை என்று நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு அனுபவிக்கும் துன்பமும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் நோயாளி மருந்தை மறுப்பார், முனகாமல் கிடப்பார், "ஆண்டவர் சித்தம்" என்பார். பெரும்பாலும் ஒரே மனத்தில் இரண்டும் கலந்தும் கிடக்கும். பிரித்தறிய உதவுவது தூக்கமும் செபமும்தான் என்பது என் அனுபவம். ஒப்புக்கொடுப்பவர் செபிக்க விரும்புவார். தண்டனை என்று நம்புபவர் செபிக்கவே அஞ்சுவார். அந்த அம்மாவின் செபமாலை பல நாட்களாக மேசை இழுப்பறையில்தான் கிடந்தது.

பார்க்க வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்து துன்புற்ற யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது, இறுதி அதிகாரத்தில் கடவுளின் சினத்துக்கும் ஆளானார்கள். "கடவுள் தாங்கக்கூடியவங்களுக்குத்தான் கொடுப்பார்", "உங்க விசுவாசத்தைச் சோதிக்கிறார்" என்பவற்றை நோயாளி தானாகச் சொன்னால் அது விசுவாச அறிக்கை; ஆரஞ்சுப் பழப் பையோடு வந்தவர் சொன்னால் அது தீர்ப்பு. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலின் 1984-ஆம் ஆண்டுத் திருத்தூது மடல் துன்பத்தின் மீட்பளிக்கும் பொருளைப் பற்றியே பேசுகிறது. வத்திக்கானின் தூய பேதுரு வளாகத்தில் சுடப்பட்டு மூன்றாண்டுக்குள் அவர் எழுதியது அது. அந்த மடலும்கூட, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்குக் காயம் கட்டிய நல்ல சமாரியரிடம்தான் வந்து சேர்கிறது.

மறுநாள் பங்குத்தந்தை வந்தார். நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் என்றதும் அந்த அம்மா மிரண்டார். பழைய தலைமுறைக்கு அது இன்னும் அவஸ்தைப்பூசுதல்தான், சாகப்போகிறவருக்குத் தரும் கடைசி அருட்சாதனம். உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு அது கடும் நோயில் இருக்கும் எவருக்கும் உரியதாயிற்று என்பதைப் பலர் இன்னும் கேள்விப்படவில்லை. தந்தை அவசரப்படாமல், பிறவியிலேயே பார்வையற்றவரைப் பற்றி "இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா" என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்ததை, கதை சொல்வதுபோல் சொன்னார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அன்று மாலை முதல் மாத்திரையை விழுங்கினார், ஒரு நிபந்தனையோடு. எங்கள் மருந்து அட்டவணை காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10. அதில் வெள்ளிக்கிழமை இரண்டு மணி மாத்திரையை மட்டும் விட்டுவிட வேண்டும், ஆண்டவர் உயிர்விட்ட மூன்று மணியை விழிப்போடு கடக்க வேண்டும் என்றார். மருத்துவராக எனக்கு அது பிடிக்கவில்லை. தாங்க முடியாத கணத்தில் எப்போது கேட்டாலும் கொடுப்போம், கேட்பதைத் தோல்வியாக நினைக்கக்கூடாது என்று சொல்லி ஒப்புக்கொண்டேன். மற்ற நாட்களில் வலி அடங்கியதும் தூங்கினார். விடியற்காலையில் செபமாலை விரல்களுக்கு வந்தது.

இரண்டு வெள்ளிக்கிழமைகள் அப்படியே போயின. மூன்றாவது வெள்ளியன்று இரண்டரை மணிக்கு அவரே செவிலியரை அழைத்திருக்கிறார். "இன்னிக்கு முடியல, சிஸ்டர். ஆண்டவருக்குத் தெரியும்," என்று கையை நீட்டினாராம்.