போனில் ஒரே தடவை சொல்லிப் பாருங்கள்

போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என் கடைக்கு வந்தார். வீட்டு இணையச் சேவையை மாற்றியதும், பழைய நிறுவனம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியும் போய்விட்டது. இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), வங்கி, காப்புறுதி எல்லாம் அதற்குத்தான் எழுதிக்கொண்டிருந்தன. "பதினஞ்சு வருசமா என் முகவரி தம்பி அது" என்றார். இல்லை டீச்சர், @ குறிக்குப் பின்னால் யார் பெயரோ, வீடு அவருடையது. நாம் வாடகைக்கு இருந்தோம்.

@ குறிக்குப் பின்னால் வரும் அந்தப் பெயர்தான் டொமைன். அதை நாமே பதிந்து வைத்துக்கொள்ளலாம். சொந்த டொமைனும் ஒரு வகையில் குத்தகைதான். ஆனால் குத்தகைச் சீட்டு நம் பெயரில் இருக்கும். அஞ்சலைக் கையாளும் நிறுவனத்தை எத்தனை முறை மாற்றினாலும் முகவரி மாறாது.

எந்தப் பெயர் வைப்பது? எல்லோரும் சறுக்குவது இங்கேதான். டீச்சர் தன் முழுப்பெயரை அப்பா பெயரோடு கேட்டார். நம் பெயர்களின் ரோமன் எழுத்துக்கூட்டல்தான் தெரியுமே: லட்சுமி, லெட்சுமி, லக்‌ஷ்மி என்று பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, ஐசியில் (அடையாள அட்டையில்) ஒன்று. இன்னொன்று, நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரில் டொமைன் வாங்கினால் பேரப்பிள்ளைக்கு அது ஒட்டாது. அதனால் தாத்தா ஊர், பழைய தோட்டம், வீட்டில் எல்லோரும் சொல்லும் ஒரு சொல் என்று தேடச் சொல்வேன். @ குறிக்கு முன்னால் அவரவர் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.

கிடைத்த பெயரைப் போனில் ஒரே தடவை சொல்லி, கேட்பவர் எழுதியதைப் பாருங்கள். "பி இல்லைங்க, டி" என்று விளக்க வேண்டிவந்தால் அது வேண்டாம். இடைக்கோடும் எண்ணும் அப்படித்தான்.

பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் வால் பகுதிக்கு டாட் காம் அல்லது நம் மலேசியாவின் டாட் மை போதும். டாட் மை பெயர்களை நிர்வகிப்பது மைநிக். மலிவான விசித்திர வால்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. டாட் டிகே போன்றவற்றை இலவசமாகக் கொடுத்த ஃப்ரீநாம், 2023-இல் புதிய பதிவுகளை நிறுத்தியது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியபோது அங்கே பலர் டாட் இயூ பெயரை இழந்தார்கள். தமிழ் எழுத்திலேயே டொமைன் வாங்கலாம், ஆசைதான். பல படிவங்கள் அந்த மின்னஞ்சலை ஏற்பதில்லை.

அப்புறம், புதுப்பிக்க மறக்கக்கூடாது. டாட் காம் தவணை முடிந்ததும் பெரும்பாலும் சில வாரம் சலுகை கிடைக்கும். நீக்கப்பட்டாலும் 30 நாள் மீட்கலாம், ஆனால் கட்டணம் கசக்கும். பிறகு 5 நாளில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். அதை வாங்குபவர் உங்கள் முகவரியை மறுபடி உருவாக்கி, வங்கிக் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பைக்கூட வரவழைக்கலாம். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போடுங்கள். அதிலுள்ள வங்கி அட்டை காலாவதியானால் அதுவும் வேலை செய்யாது. பதிவுக் கணக்கை அதே டொமைன் முகவரியில் திறக்காதீர்கள். டொமைன் போனால், அதை மீட்க வரும் கடிதமும் போய்விடும். கடைக்காரர் பெயரிலும் பதியவேண்டாம், அது நானாக இருந்தாலும் சரி.

டாட் காம் பெயரை அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கு முன்கூட்டியே பதியலாம். டீச்சர் 10 ஆண்டுக்கே கட்டினார். முடியும் தேதியை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

"அத்தனை வருசத்துக்குக் காலண்டர் எங்க தம்பி கிடைக்கும்?" என்றார்.