எம்ஜிபி காரில் ஹெட் கேஸ்கெட் ஏன் நடுவில் போகிறது?

சில்வர்ஸ்டோன் மாதிரி ஒரு பந்தயத் தடத்தில் நாள் முழுக்க விரட்டிய எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், வீடு திரும்பும் வழியில் ஐட்லிங்கில் குலுங்குகிறது, கார்புரேட்டர் வழியே 'பட் பட்' என்று துப்புகிறது என்றால், 2ஆம், 3ஆம் சிலிண்டர்களுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் இடையே கசியாமல் அடைக்கும் தகடு) பழுதாகிப் போயிருக்கலாம்.

இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான இந்தக் காரில் இருப்பது 1798 சிசி பி-சீரிஸ் இன்ஜின். போருக்குப் பிந்தைய குடும்பக் கார்களுக்காகப் பிறந்த இன்ஜின் குடும்பம் அது. ஸ்போர்ட்ஸ் காருக்கு வாழ்க்கைப்பட்டது பிறகுதான். சிலிண்டர் நான்கு, ஆனால் ஹெட்டில் புகை வெளியேறும் வழியான எக்ஸாஸ்ட் போர்ட் மூன்றே. ஓரத்துச் சிலிண்டர்கள் இரண்டுக்கும் தனித்தனிப் போர்ட், நடுவிலுள்ள இரண்டுக்கும் சேர்த்து ஒன்று.

சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் ஒரு சிலிண்டர் புகையைத் தள்ளுவது கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு முறை. நடுப் போர்ட்டுக்கோ இரண்டு சிலிண்டரின் புகையும் மாறி மாறி வருவதால், ஒவ்வொரு சுற்றிலும் சூடு விழுகிறது. மெதுவாக ஓட்டும்போது கூலன்ட் சமாளித்துவிடும். மணிக்கணக்கில் முழு வேகம், கூடவே துருவடைத்த ரேடியேட்டரோ முந்திப்போன இக்னிஷன் டைமிங்கோ (தீப்பொறி விழும் நேரம்) இருந்தால் சமாளிக்காது. அரை மீட்டர் வார்ப்பிரும்பு 80 டிகிரி சூடேறினால் 0.4 மி.மீ.க்கு மேல் நீளும். நடுப்பகுதி மட்டும் அதிகம் சூடானால் ஹெட் வளையத் தொடங்கும். அழுத்தம் குறைந்த இடத்தில் கேஸ்கெட் கருகி, இரு சிலிண்டருக்கும் இடையே வழி திறக்கிறது.

துப்பலுக்குக் காரணமும் இதிலேயே இருக்கிறது. எரியும் வரிசை 1-3-4-2. அதாவது 2இல் எரிபொருள் வெடிக்கும் நேரத்தில், 3 புதுக் கலவையை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஓட்டை வழியே போகும் தீ அதைப் பற்றவைக்க, இன்லெட் வால்வு திறந்திருப்பதால் வெடிப்பு கார்புரேட்டருக்கே திரும்புகிறது.

சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்தால் உறுதியாகிவிடும். நல்ல இன்ஜினில் நான்கும் 160 பிஎஸ்ஐயை ஒட்டி நிற்கும். பக்கத்துப் பக்கத்து இரண்டு மட்டும் சேர்ந்து படுத்தால் கேஸ்கெட்தான். தண்ணீர் வழிக்கும் ஓட்டை போயிருந்தால் ரேடியேட்டரில் குமிழி வரும், ஆயில் பால் கலந்தது போலாகும். சூடான மூடியைத் திறந்து குமிழி பார்க்கிறேன் என்று கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம்.

கழற்றும் வேலையில் அவசரம் கூடாது. சூட்டோடு நட்டைத் தளர்த்தினால் ஹெட் வளையும், ஆறட்டும். ஹெட்டைத் தூக்கியதும், ஸ்ட்ரெய்ட் எட்ஜை (நேரான உலோக அளவுகோல்) நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பார்க்க வேண்டும். நுழைந்தால் மெஷின் பட்டறையில் கொடுத்து மட்டம் பிடிக்க வேண்டும். வளைந்த ஹெட்டுக்குப் புதுக் கேஸ்கெட் போடுவது காசைக் கரைக்கும் வேலை.

மாட்டும்போது ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்களின் மரைகளைச் சுத்தம் செய்து, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, கட்டம் கட்டமாக 45 முதல் 50 பவுண்டு-அடி வரை டார்க் ரெஞ்சில் (முறுக்கு விசையைக் காட்டும் ஸ்பேனர்) முறுக்க வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் மேடு நின்றுவிடும். சில நூறு மைல் ஓடிய பிறகு, கேஸ்கெட் அமுங்கியிருப்பதால், அதே வரிசையில் மறுபடி முறுக்க வேண்டும். அப்புறம் வால்வு இடைவெளியும் மாறியிருக்கும். பழைய மாடல்களில் ஆறிய நிலையில் 0.015 அங்குலம்.