பெருந்தொற்றுக் காலத்தில் அவசர அறுவை சிகிச்சை: குறைந்தது நோயா, வருகையா?

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என அறிவித்ததைத் தொடர்ந்த வாரங்களில், மூச்சுத்திணறலோடு வருவோரால் மருத்துவமனைகள் நிரம்பிக்கொண்டிருந்தபோதே, அவசர அறுவை சிகிச்சைக்கான படுக்கைகள் பல நாடுகளில் காலியாகக் கிடந்தன. அமெரிக்காவில் அந்த ஆண்டு மார்ச் 29 முதல் ஏப்ரல் 25 வரை அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்தோர் எண்ணிக்கை, முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 42 விழுக்காடு குறைந்திருந்தது.

இதில் ஒரு பகுதி உண்மையான குறைவுதான். வாகனங்கள் ஓடாதபோது விபத்துக் காயங்கள் குறைவது இயல்பு. ஆனால் குடல்வால் (அப்பென்டிக்ஸ்) அழற்சியும் பித்தப்பை அழற்சியும் குடலடைப்பும் ஊரடங்கைக் கண்டு உள்ளடங்கிவிடும் நோய்கள் அல்லவே. மருத்துவமனைக்குப் போனால் தொற்றிக்கொள்ளும் என்ற அச்சமும், துணைக்கு ஒருவரைக்கூட உள்ளே விடமாட்டார்கள் என்ற தயக்கமும், அவசியமின்றி வரவேண்டாம் என்ற அறிவிப்பைத் தேவைக்கு மேல் மதித்த நல்லெண்ணமும் சேர்ந்து பலரை வீட்டிலேயே இருத்திவிட்டன. தொலைபேசியில் ஆலோசனை கேட்டவர்களுக்கும் ஓர் இடர்ப்பாடு இருந்தது: வயிற்றைத் தொட்டு, அழுத்திப் பார்க்காமல் மருத்துவர்களாகிய எங்களால் உறுதியாகச் சொல்லக்கூடியது மிகக் குறைவு.

குடல்வால் அழற்சியில் தொப்புளைச் சுற்றித் தொடங்கும் வலி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கும். பசி போகும், குமட்டும், இலேசாகக் காய்ச்சல் வரும். குடல்வால் வெடிக்கும் தருணத்தில் அழுத்தம் தணிவதால், சிலருக்கு வலி சட்டென்று குறைந்ததுபோல் இருக்கும். 'சரியாகிவிட்டது' என்று வீட்டில் இருந்துவிடுபவர்கள், வயிறு முழுவதும் பலகைபோல் இறுகியபின் வருவார்கள். அதற்குள் சீழ் பரவியிருக்கும்.

பெருந்தொற்றின்போது வெடித்த குடல்வாலோடு வந்தவர்களின் விகிதம் கூடியதாகப் பல மருத்துவமனைகள் பதிவுசெய்தன. இந்த விகிதத்தைச் சற்று நிதானமாகவே படிக்க வேண்டும் என்பது என் கருத்து. இலேசான அழற்சியுள்ள சிலருக்கு அது தானாகவே தணிந்துவிடுவதுண்டு. அவர்கள் வராமல் போனாலே, வந்தவர்களில் வெடித்தவர்களின் பங்கு கூடியதாகத் தோன்றும். ஆகவே உயர்வு முழுவதையும் தாமதத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் தன்னுடைய அழற்சி எந்த வகை என்பதை வீட்டில் இருந்துகொண்டு யாராலும் கண்டறிய முடியாது.

வந்தவர்களுக்கும் வழி எளிதாக இல்லை. ஆர்.டி-பி.சி.ஆர். முடிவு வரும்வரை அறுவையைத் தள்ளிவைக்கலாமா, தொற்று இருப்பதாகவே எண்ணி முழுக் கவச உடையோடு தொடங்கிவிடலாமா என்ற முடிவை ஒவ்வொரு நோயாளிக்கும் எடுக்க வேண்டியிருந்தது. வயிற்றுக்குள் செலுத்தும் வாயு வழியே கிருமி பரவுமோ என்ற ஐயத்தால், முதல் மாதங்களில், சிறு துளைகள் வழியே கருவியைச் செலுத்திச் செய்யும் லேப்ராஸ்கோபியைக்கூடச் சிலர் தவிர்த்தார்கள். அறுவைக்குப் பதில் ஆன்டிபயாடிக் மருந்தால் சமாளிப்பதும் கூடியது.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. அறுவைக்குச் சற்று முன்போ, பின் 30 நாட்களுக்குள்ளோ தொற்று உறுதியான 1,128 பேரை 24 நாடுகளில் ஆராய்ந்து 2020 மே மாதம் வெளியான ஆய்வில், 23.8 விழுக்காட்டினர் 30 நாட்களுக்குள் இறந்திருந்தனர். அதனால்தான் காத்திருக்கக்கூடிய அறுவைகள் உலகெங்கும் ஒத்திவைக்கப்பட்டன. உச்சமான 12 வாரங்களில் மட்டும் சுமார் 2 கோடியே 84 லட்சம் என்பது அப்போதைய மதிப்பீடு. ஒத்திவைப்புக்கும் ஒரு விலை உண்டு. படுத்தால் உள்ளே போய்விடும் சாதாரண குடலிறக்கம் (ஹெர்னியா), காத்திருக்கும் மாதங்களில் சிக்கி இறுகினால், உள்ளே மாட்டிய குடல் அழுகத் தொடங்கிவிடும்.

ஆகவே, பெருந்தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும், சில அறிகுறிகளுக்குத் தொலைபேசி ஆலோசனை போதாது: கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, வாந்தியோடு மலமும் வாயுவும் நின்றுபோதல், உள்ளே தள்ள முடியாமல் வலிக்கும் குடலிறக்கம், திடீரென்று வலித்துக் குளிர்ந்து வெளுக்கும் கை அல்லது கால். சிறுவனுக்குத் திடீரென விதைப்பையில் வலி வந்தால், கூச்சத்தால் அவன் வெறும் வயிற்றுவலி என்று சொல்லக்கூடும். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் அதைக் காப்பாற்ற ஏறக்குறைய ஆறு மணி நேரமே இருக்கிறது. தொற்று அறிகுறி இருந்தால் நுழைவாயிலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்காக உங்களுக்கு அவசர அறுவை மறுக்கப்படக்கூடாது, தனி அரங்கிலும் கவச உடையிலும் அதைச் செய்ய முடியும்.