நனைந்த உடையில் கதகதப்பு எங்கிருந்து வருகிறது?

உட்லண்ட்ஸில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மகள் அலுவலகத் தோழிகள் மூன்று பேருடன் ஏப்ரலில் கொரியாவின் ஜேஜு தீவுக்கு முக்குளிக்கப் போகிறாள். அங்கே கடல்நீர் 15, 16 டிகிரிதான் இருக்குமாம். போடப்போகும் உடைக்குள் தண்ணீர் புகும் என்று அவளே சொல்கிறாள். தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் பிறகு அந்த உடை எதற்கு? என் மாமியார் வேறு, அவள் ஜாதகத்தில் ஜலகண்டம் இருக்கிறது என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்."

அம்மா, உங்கள் மகள் சொன்னது சரிதான். அந்த உடைக்குப் பெயரே வெட்சூட். தண்ணீர் புகத்தான் செய்யும். ஆனாலும் குளிரைத் தடுக்கும். எப்படி என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். ஜாதகத்துக்கும் வருகிறேன்.

முதலில் குளிர். 15 டிகிரி என்பது கேமரன் மலையின் இரவு. ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியே நின்று தேநீர் குடிக்கலாம். அதே 15 டிகிரியில் கடல்நீர் இருந்தால் கதை வேறு. நீர் காற்றைவிடச் சுமார் 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஒரு லிட்டர் காற்றைச் சூடாக்கத் தேவையான வெப்பத்தைப்போல மூவாயிரம் மடங்குக்கும் மேல் ஒரு லிட்டர் நீருக்குத் தேவை. நம் உடல் எவ்வளவு கொடுத்தாலும் கடல் வாங்கிக்கொள்ளும். ஹந்து தீவிலோ தியோமானிலோ 28, 29 டிகிரி நீரில் மெல்லிய உடையோடு முக்குளித்துப் பழகியவர்களுக்கு இது புதிய கடல். முதல் நிமிடத்தில் மூச்சு திணறி வேகமாக வாங்கும். அது தோலில் திடீரெனக் குளிர் பட்டதற்கு உடல் காட்டும் அனிச்சைச் செயல். நிதானமாக இறங்கினால் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

இப்போது உடைக்கு வருவோம். முக்குளிப்பு வகுப்புகளில் அடிக்கடி ஒரு விளக்கம் காதில் விழும். உடைக்கும் தோலுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் சேருகிறது, உடல் அதைச் சூடாக்குகிறது, அந்தச் சூடான நீர்தான் நம்மைக் காக்கிறது என்பார்கள். பாதிதான் சரி. நீர் சூடாவது உண்மை. காப்பது நீர் அல்ல. வெப்பத்தைக் கடத்துவதில் இவ்வளவு கெட்டிக்காரப் பொருள் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் நின்று எதைத் தடுத்துவிடும்? நீர் இல்லாமலே உடை தோலோடு ஒட்டியிருந்தால் இன்னும் நல்லது.

காப்பது வாயு. வெட்சூட்டைத் தைக்கப் பயன்படும் நியோப்ரீன் ஒரு செயற்கை ரப்பர். அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவன ஆய்வகத்தில் 1930-ல் உருவானது. வெறும் நியோப்ரீன் கனமானது, நீரில் மூழ்கும். உடைக்கான நியோப்ரீனைச் செய்யும்போது ரப்பர்க் கலவையோடு ஒரு நுரைப்பூட்டியைச் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். சூட்டில் அது சிதைந்து நைட்ரஜனை வெளியிடுகிறது. ரப்பர் இறுகிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் வாயு உள்ளே உப்புவதால், கோடிக்கணக்கான நுண்குமிழ்கள் அப்படியே சிறைப்பட்டுவிடுகின்றன. பிறகு அந்தப் பாளத்தை 3, 5, 7 மில்லிமீட்டர் தகடுகளாகச் சீவி எடுக்கிறார்கள்.

இந்தக் குமிழ்களில் மூன்று விஷயங்கள் ஒன்றுகூடியிருக்கின்றன. எனக்கு அதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அலுப்பதில்லை. உள்ளே இருப்பது வாயு. மிக மோசமான கடத்தி. ஒவ்வொரு குமிழும் மிகச் சிறியது. அதனால் உள்ளிருக்கும் வாயு சுழன்று சூட்டை ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குக் கொண்டுபோக இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு குமிழும் மூடியது. இணையத்தில் வாங்கும் பொருளைச் சுற்றி வரும் குமிழ்த்தாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குமிழ் உடைந்தால் அடுத்தது உடைவதில்லை. வாளித் தண்ணீரில் அமுக்கினாலும் உள்ளே சொட்டு நீர் போகாது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் துளைகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் நீர் ஊறிவிடும். நியோப்ரீன் நுரையில் ஊறாது. கடலே சுற்றி நின்றாலும் உடைக்குள் வாயு வாயுவாகவே இருக்கிறது. இந்த நுரை கடத்தும் வெப்பம், நீர் கடத்துவதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அப்படியானால் புகும் நீரைப் பற்றிக் கவலையே வேண்டாமா? வேண்டும், அது நகர்ந்தால். உள்ளே வந்த நீர் அங்கேயே நின்றால் ஒருமுறை சூடாக்கியதோடு கணக்கு முடிந்தது. உடை தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அசைவுக்கும் பழைய நீர் வெளியே போய்ப் புதிய நீர் வரும். ஒரு லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 30-க்குக் கொண்டுவர 15 கிலோகலோரி செலவாகும். சும்மா உட்கார்ந்திருக்கும் வயதுவந்த ஒருவரின் உடல் ஒரு மணி நேரத்தில் உண்டாக்குவது 70, 80 கிலோகலோரி. ஐந்து லிட்டர் நீர் மாறினாலே அவ்வளவும் கடலுக்குப் போய்விடும். கழுத்து, மணிக்கட்டு, முதுகு ஜிப் வழியாக ஒரு மணி நேரத்தில் ஐந்து லிட்டர் மாறுவது மிக எளிது. ஆகவே ஜேஜுவில் வாடகைக்கு உடை எடுக்கும்போது அழகையோ நிறத்தையோ பார்க்க வேண்டாம். போடும்போது படாதபாடு படுத்தும் உடைதான் நல்ல உடை.

நனைந்தாலும் பரவாயில்லை என்ற யோசனை முதலில் தோன்றியது ஒரு துகள் இயற்பியலாளருக்கு. ஹியூ பிராட்னர் இரண்டாம் உலகப்போரின்போது லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை செய்தவர். பிறகு பெர்க்லியில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அதுவரை கடற்படை முக்குளிப்பாளர்களுக்குக் குளிர்காப்பு என்றால் நீர் புகாத உடை. எங்காவது கிழிந்தால் நீர் புகுந்து உள்ளாடை நனைந்து எல்லாம் வீணாகிவிடும். 1951 வாக்கில் பிராட்னர் கேள்வியையே மாற்றினார்: வெப்பத்தைத் தடுக்கும் வாயு துணியின் இழைகளுக்கு நடுவே இருப்பதற்குப் பதிலாக உடைப்பொருளுக்குள்ளேயே அடைபட்டிருந்தால், தோல் நனைந்தால் என்ன? நுரை நியோப்ரீனைப் பரிந்துரைத்தவர் அவருடைய சகா வில்லார்ட் பாஸ்கம். பிராட்னர் இதில் பணக்காரர் ஆகவில்லை. உடை மட்டும் உலகமெங்கும் போனது.

ஆனால் வாயுவை நம்பினால் வாயுவின் குணத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டும். பள்ளியில் படித்த பாயில் விதிதான்: அழுத்தம் இரட்டித்தால் கன அளவு பாதியாகும். நீர்மட்டத்தில் ஒரு வளிமண்டல அழுத்தம், 10 மீட்டரில் இரண்டு, 20-ல் மூன்று, 30-ல் நான்கு. குமிழ்களும் அதற்கேற்பப் பாதியாக, மூன்றில் ஒன்றாக, கால்வாசியாக ஒடுங்குகின்றன. 7 மில்லிமீட்டர் உடையில் முக்கால் பங்கு வாயு என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டரில் அது சுமார் நாலரை மில்லிமீட்டராகும். 30 மீட்டரில் மூன்றுக்குப் பக்கம் வந்துவிடும். ரப்பர்ச் சுவர்கள் கொஞ்சம் எதிர்த்து நிற்பதால் உண்மையில் சற்றே கூடுதலாக இருக்கும்; போக்கு இதுதான். கனம் குறைவதோடு விஷயம் நிற்பதில்லை. மிஞ்சியிருக்கும் தகட்டில் வாயுவின் பங்கு குறைந்து ரப்பரின் பங்கு ஏறிவிடுகிறது, ரப்பரோ வாயுவைவிட நன்றாகக் கடத்தும். ஆக, எங்கே கடல் அதிகம் குளிர்கிறதோ அங்கே உடை மிக மெல்லியதாகிவிடுகிறது. கைவிரல் விறைப்பதும் உடல் நடுங்குவதும் ஆழத்தில் சட்டென்று தொடங்குவது இதனால்தான்.

அதே குமிழ்கள் இன்னொரு வேலையும் செய்கின்றன. நடுத்தர உடல்வாகு கொண்டவரின் 7 மில்லிமீட்டர் முழு உடையில் ஒன்பது லிட்டருக்குப் பக்கம் வாயு இருக்கும். அது அவரை மேலே தூக்கும். அதை எதிர்க்கத்தான் இடுப்பில் ஈயக்கட்டிகள். கீழே இறங்க இறங்க அந்த ஒன்பது லிட்டர் சுருங்கி, 30 மீட்டரில் இரண்டேகால் லிட்டராகிவிடுகிறது. ஆறேழு கிலோ தூக்குவிசை காணாமல் போகிறது. ஈயமோ அப்படியே இருக்கிறது. மேலே மிதந்துகொண்டிருந்தவர், பத்து மீட்டர் தாண்டியதும் யாரோ கீழே இழுப்பதுபோல் உணர்வார். போகப்போக இழுப்பு கூடும், ஏனென்றால் ஆழம் கூட உடை இன்னும் சுருங்கும்.

இங்கேதான் மாமியாருக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன். நம் வீடுகளில் ஜலகண்டம். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பங்களில் ஏழாம் மாதத்தில் கடலுக்குப் போகாதே, ஆவி காலைப் பிடித்து இழுக்கும் என்கிற எச்சரிக்கை. பெரியவர்களின் பயத்தை நான் மதிக்கிறேன். கடல் உயிரை வாங்கும் என்பது அவர்கள் கண்ட உண்மை. ஆனால் பிறந்த நேரத்தைக் கணித்து ஒரு பெண்ணைக் கரையில் உட்கார வைப்பதை என்னால் ஏற்க முடியாது. கீழே இழுப்பது எது என்று அளந்து சொல்லிவிட முடிகிறது. அளந்தால் தற்காத்துக்கொள்ளவும் முடிகிறது: முதுகிலிருக்கும் சிலிண்டரிலிருந்து மிதவைச் சட்டைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைத் திறந்துவிட்டால், உடை இழந்த தூக்குவிசை திரும்பி வந்துவிடும். ஜாதகத்தை நம்பிப் பயிற்சியைத் தள்ளிப்போடுபவர்களும் உண்டு, பரிகாரம் செய்தாயிற்று என்று பயிற்சி இல்லாமலே இறங்குபவர்களும் உண்டு. இருவருமே ஒருமுறை நீச்சல் குளத்தில் பயிற்சியாளரோடு இறங்கிப் பார்க்கட்டும்.

ஜேஜுவுக்குப் போகும் உங்கள் மகள் அங்கே ஹேன்யோ பெண்களைக் கட்டாயம் பார்ப்பாள். சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கிக் கடலடியில் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கும் பெண்கள்; பலர் அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்கள். 2016-ல் யுனெஸ்கோ இவர்களுடைய மரபைப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. வெட்சூட் வருவதற்கு முன் இவர்கள் பருத்தி உடையில் குளிர்காலக் கடலிலும் இறங்கினார்கள். 1960-களில் சுக் கி ஹோங், ஹெர்மன் ரான் என்ற உடலியல் ஆய்வாளர்கள் கொரியாவின் முக்குளிக்கும் பெண்களை ஆராய்ந்தார்கள். குளிர்காலத்தில், நீர் 10 டிகிரிக்கு இறங்கும்போது, இவர்களுடைய அடிப்படை வளர்சிதை மாற்றம் (ஓய்வில் இருக்கும்போதே உடல் எரிக்கும் ஆற்றல்) கடலில் இறங்காத பெண்களைவிடச் சுமார் 30 விழுக்காடு கூடியிருந்தது. கோடையில் வேறுபாடு இல்லை. மற்றவர்கள் நடுங்கத் தொடங்கும் நீரில் இவர்கள் நடுங்கவில்லை. தோலடிக் கொழுப்பு ஒரே அளவாக இருந்தாலும், இவர்களுடைய திசுக்கள் வெப்பத்தை இன்னும் இறுக்கமாகப் பிடித்துவைத்தன.

1970-களின் பிற்பகுதியில் இந்தப் பெண்கள் வெட்சூட்டுக்கு மாறினார்கள். அரை மணி நேரத்தில் நடுங்கிக் கரையேறியவர்களால் இரண்டு, மூன்று மணி நேரம் வேலை செய்ய முடிந்தது. வருமானம் கூடியது, குளிரின் வதை குறைந்தது. ஆய்வாளர்கள் திரும்ப வந்து அளந்தபோது, அந்த 30 விழுக்காடு போயிருந்தது. சில ஆண்டுகளில் திசுக்களின் கூடுதல் காப்பும் மறைந்தது. உடலுக்கு வெளியே வாயுக் குமிழ்கள் அந்த வேலையைச் செய்யத் தொடங்கியதும் உடல் அதை விட்டுவிட்டது. மனித உடல் குளிருக்கு இந்த அளவு பழகும் என்பதை நாம் தெரிந்துகொண்டது, உடை மாறுவதற்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் முன்னால் யாரோ ஒருவர் இதற்கு ஆய்வுப்பணம் ஒதுக்கியதால். இன்னும் இருபது ஆண்டுகள் தாமதித்திருந்தால் அளக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. சங்கு குளிப்பவர்கள் மன்னார் வளைகுடாவில் இன்றும் இருக்கிறார்கள். சிங்கப்பூர் 2020 இறுதியில், 2021 முதல் 2025 வரையிலான ஆய்வுக்கு 25 பில்லியன் வெள்ளி அறிவித்தது. செயிண்ட் ஜான்ஸ் தீவில் நமக்கொரு தேசியக் கடல்சார் ஆய்வகமும் இருக்கிறது. உடனடிப் பயன் என்ன, எந்த நிறுவனம் வாங்கும் என்று கேட்காமல், கடலோடு வாழும் மனிதர்களின் உடலை அளந்து பதிவுசெய்ய, இப்படி ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு துளியாவது போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சில்லுத் தொழில்நுட்பத்தை அடுத்த ஆண்டும் ஆராயலாம். ஒரு தலைமுறை கடலைவிட்டுப் போய்விட்டால் போனதுதான்.

சரி, உங்கள் மகளுக்கு. வாடகை உடையை விரல்களுக்கு நடுவே அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பலமுறை ஆழத்துக்குப் போய்வந்த நியோப்ரீனில் குமிழ்ச் சுவர்கள் தளர்ந்து உடைந்திருக்கும். 7 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தாலும் தகடு தட்டையாக, விறைப்பாக இருக்கும். தலைமூடியும் கையுறையும் கட்டாயம். உள்ளுக்கு பிராந்தி ஒரு மடக்கு என்று தோழமையில் யாராவது சொன்னால் வேண்டவே வேண்டாம்: தோலின் ரத்தக்குழாய்கள் விரிவதால் சூடு வந்ததாகத் தோன்றும், உடலின் உள்வெப்பமோ அதே வழியில் கடலுக்கு வெளியேறும்.

ஈயத்தின் எடையை மட்டும் முக்குளிப்பின் தொடக்கத்தை வைத்து முடிவுசெய்யக் கூடாது. மேலே ஏறும்போது குமிழ்கள் மறுபடி விரியும். கடைசிப் பத்து மீட்டரில்தான் மிக வேகமாக விரியும். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) அழுத்தக் காற்றோடு இறங்கி 50 பாரோடு திரும்பினால், இரண்டு கிலோவுக்கு மேல் காற்று மூச்சில் செலவாகியிருக்கும்; சிலிண்டர் அவ்வளவு இலேசாகியிருக்கும். மேலே வரும் வழியில், பாதுகாப்புக்காக ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய இடத்தில் உடையும் சிலிண்டரும் சேர்ந்து மேலே தூக்கும். அந்த இடத்தில், மிதவைச் சட்டையில் காற்றே இல்லாமல் நிலையாக நிற்க எவ்வளவு ஈயம் தேவையோ அதுதான் சரியான எடை. சிங்கப்பூரில் மெல்லிய உடையோடு கட்டிப் பழகிய எண் அங்கே உதவாது. முதல் நாள், கரையோரத்தில், அந்த உடையோடே நால்வரும் ஒருவர் எடையை ஒருவர் சரிபார்த்துக்கொள்ளட்டும்.