குடிக்கிற தண்ணீர் வேறு, பிக் லைன் வேறு

இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில் மறுபடியும் ஸ்டெனோட்ரோபோமோனாஸ் என்ற கிருமி. கீமோதெரபிக்காகக் கையில் பிக் லைன் (கையின் இரத்தக்குழாய் வழியே மருந்து ஏற்றும் மெல்லிய குழாய்) பொருத்தி வீட்டுக்குப் போன நோயாளி, குளிர் நடுக்கத்தோடு திரும்பி வந்திருக்கிறார். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இந்தப் பெயரை எழுதும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இதுவும் பர்க்ஹோல்டீரியா, ஸ்பிங்கோமோனாஸ் போன்றவையும் ஈரத்தில் வாழும் கிருமிகள். நல்ல உடம்பை அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்தவருக்கோ உயிராபத்து.

“ஆர்.ஓ. தண்ணீர்தானே தொட்டு லைனைத் துடைத்தோம்?” வீட்டார் கேட்கும் கேள்வி இது. ஆர்.ஓ. தண்ணீரானாலும் கேன் தண்ணீரானாலும் கிருமியே இல்லாத தண்ணீர் அல்ல. ஆர்.ஓ. இயந்திரம் குளோரினையும் நீக்கிவிடுவதால், தேங்கி நிற்கும் தண்ணீரில் கிருமி தாராளமாகப் பெருகும். காய்ச்சிய தண்ணீரோ ஆறுவதற்குள் பாத்திரத்திலிருந்தும் கையிலிருந்தும் கிருமியை வாங்கிக்கொள்ளும். குடித்தால் வயிற்றின் அமிலம் பார்த்துக்கொள்ளும். லைனில் அப்படி எந்தக் காவலும் இல்லை, அதன் நுனி இதயத்தை ஒட்டி நிற்கிறது. லைனின் மூடியை ஈரத்துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். குளிக்கும்போது பிளாஸ்டிக் உறை சுற்றுங்கள். ஆறு, குளம், கடல் இப்போதைக்கு வேண்டாம். கட்டு நனைந்தால் அன்றைக்கே மாற்றியாக வேண்டும்.

சிஸ்டர்களிடம் ஒரு வேண்டுகோள். சலைன் பாட்டிலின் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, நாள் முழுக்க எல்லோருக்கும் அதிலிருந்தே ஃப்ளஷ் (லைனைக் கழுவிவிட ஏற்றும் சலைன்) எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். பர்க்ஹோல்டீரியா சில கிருமிநாசினிக் கரைசல்களுக்குள்ளேயே உயிரோடு இருக்கக்கூடியது. சலைன் அதற்கு எம்மாத்திரம்? ஒருவருக்கு ஒன்று, ஒருமுறைக்கு ஒன்று. லைனின் வாயை ஆல்கஹாலால் 15 விநாடி அழுத்தித் தேயுங்கள்.

இளம் மருத்துவர்களே, அறியாத பெயர் என்பதால் ‘மாதிரியில் கலந்த அழுக்கு’ என்று ஒதுக்கிவிடாதீர்கள். லைனிலிருந்தும் மறுகையிலிருந்தும் ஒரே நேரத்தில் இரத்தம் எடுங்கள். இரண்டிலும் ஒரே கிருமி வளர்ந்து, லைனிலிருந்து எடுத்த இரத்தத்தில் அது 2 மணி நேரமாவது முந்தி வளர்ந்தால் குற்றவாளி லைன்தான். ஸ்டெனோட்ரோபோமோனாஸுக்கு மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் பலிக்காது. கோ-டிரைமாக்சசோல் போன்றவைதான் கைகொடுக்கும். பெரும்பாலும் லைனையும் எடுத்துவிட வேண்டிவரும்.

லைனில் ஃப்ளஷ் ஏற்றிய சிறிது நேரத்தில் உடம்பு உதறினால், காய்ச்சலுக்காகக் காத்திருக்காமல் உடனே வாருங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும் அப்படித்தான். “கீமோ என்றால் காய்ச்சல் வரும்” என்று பாராசிட்டமால் கொடுத்து விடியும்வரை படுக்கவைக்காதீர்கள். நள்ளிரவானாலும் கிளம்பி வாருங்கள்; வந்ததும் ‘லைன் இருக்கிறது’ என்பதை முதலில் சொல்லுங்கள்.