ஓரத்தில் கோடு மட்டும் இருக்கும் ரீலை வீசிவிடாதீர்கள்

போன வாரம் ஓர் ஆவணப்படக் குழு பழைய பிலிம் சுருள்கள் அடங்கிய மூன்று தகரப் பெட்டிகளோடு என் வேலை மேசைக்கு வந்தது. 1950-களில் பெயர் வாங்கிய ஓர் இயக்குநரைப் பற்றிப் படம் எடுக்கிறார்கள். பெட்டிகள் அவர் வீட்டுப் பரணில் கிடைத்தவை. விளக்கைப் போட்டுப் பிரித்துப் பார்த்தேன். பிக்சர் நெகட்டிவ், அதாவது படம் மட்டும் பதிந்த மூலச் சுருள்; பாட்டுக் காட்சி. கீறல்கூட அதிகமில்லை. கதாநாயகி வாயைத் திறந்து பாடுகிறார். சரி, சவுண்ட் நெகட்டிவ் எங்கே?

கூட வந்திருந்த இயக்குநரின் மகன் சொன்னார்: "அதுல படமே இல்லையே சார். ஓரத்துல ரம்பப் பல் மாதிரி ஒரு கோடு மட்டும்தான் போச்சு. வீணாப்போன ரீல்னு போகிக்குப் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டோம்."

ஐயா, அந்தக் கோடுதான் குரல். படம் ஒரு சுருளில், ஒலி தனிச் சுருளில். பிரிண்ட் போடும்போதுதான் இரண்டும் சேரும். இதே பதிலை வெவ்வேறு வீடுகளில் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

அடுத்து வரும் வசனமும் எனக்கு மனப்பாடம்: "அதான் டிவிடி போட்டு வச்சிருக்கோமே, யூடியூப்லயும் இருக்கே." இருக்கிறது, எப்படி இருக்கிறது? ஒரு டிவிடி பிரேமில் ஏறத்தாழ 4 லட்சம் புள்ளிகள். அதே படத்தின் நெகட்டிவை 4கே என்ற உயர் துல்லியத்தில் ஸ்கேன் செய்தால் 1 கோடியே 27 லட்சம், அதாவது சுமார் 30 மடங்கு. உங்கள் டிவிடி பெரும்பாலும் தேய்ந்துபோன தியேட்டர் பிரிண்டிலிருந்து எடுத்தது. யூடியூப்பில் இருப்பது அந்த டிவிடியின் நகல். அதையும் அகலத்திரைக்கு இழுத்து, நடிகர்களின் தலையை வெட்டி ஏற்றியிருப்பார்கள். நகல் இருக்கிறது என்று மூலத்தை எறிவது, ஜெராக்ஸ் இருக்கிறது என்று வீட்டுப் பத்திரத்தை எறிவது மாதிரி. பத்திரத்தை எறிவீர்களா?

போனது போனதுதான். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' தென்னிந்தியாவின் முதல் மௌனப்படம். இன்று ஓர் அடி பிலிம்கூட இல்லை. எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கி 1936-இல் வந்த 'சதி லீலாவதி'தான் எம்.ஜி.ஆரின் முதல் படம்; அதற்கும் பிரதி இல்லை. இப்படிப்பட்ட படங்களைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவர்கள் ஸ்டில்லையும் பாட்டுப் புத்தகத்தையும் காட்டித்தான் ஒப்பேற்ற வேண்டும். மறுபக்கம் பாருங்கள். சத்யஜித் ராயின் அப்பு படங்களின் ('பதேர் பாஞ்சாலி' முதலான மூன்று) நெகட்டிவ் 1993-இல் லண்டனில் பிலிம் கழுவிப் பிரிண்ட் போடும் லேப் ஒன்றில் தீயில் சிக்கியது. கருகியதையும் குப்பை என்று எறியாமல் வைத்திருந்தார்கள். பல வருடம் கழித்து அதிலிருந்து மீட்க முடிந்த பகுதிகளும் சேர்ந்துதான் 2015-இல் வெளியான புதிய பிரதிகள் உருவாயின.

ஆகவே, வீட்டில் பெட்டி இருந்தால்:

முதலில் பரணிலிருந்து இறக்குங்கள். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண் சித்திரையில் அடுப்புதான். காற்றோட்டமுள்ள, ஈரமில்லாத, வெயில் படாத அறையில் படுக்கவைத்து அடுக்குங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்ட வேண்டாம். திறந்ததும் புளித்த காடி நெடி அடித்தால் அந்தப் பெட்டியைத் தனியே வையுங்கள். பிலிம் சிதையத் தொடங்கியதன் அடையாளம் அது; பக்கத்துப் பெட்டிக்கும் பரவும். துடைக்காதீர்கள், கழுவாதீர்கள். "ஓடுதான்னு பார்ப்போம்" என்று பழைய புரொஜக்டரில் மாட்டவே மாட்டாதீர்கள். சுருங்கிய பிலிமின் ஓரத் துளைகள் வரிசையாகக் கிழியும். 1950-களின் தொடக்கத்துக்கு முந்தைய சுருள் என்றால் எளிதில் தீப்பிடிக்கும் நைட்ரேட் பிலிமாக இருக்கலாம். பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியும். பக்கத்தில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் வேண்டாம்.

மூடியில் ஒட்டியிருக்கும் லேப் சீட்டைத் தயவுசெய்து கிழிக்காதீர்கள். எங்களுக்கு அதுதான் ஜாதகம்.

கொடுக்க இடமா இல்லை? புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இலிருந்து இருக்கிறது. படத்தின் உரிமை போய்விடும் என்று பயந்தே பல குடும்பங்கள் தயங்குகின்றன. பாதுகாக்கக் கொடுப்பது வேறு, உரிமையை எழுதிக் கொடுப்பது வேறு. அதைத் தெளிவாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்தக் குழு பாட்டின் பழைய இசைத்தட்டைத் தேடிப் பிடித்துவிட்டது. நேற்று ஒட்டிப் பார்த்தோம். தட்டுக்காகத் தனியாகப் பாடிப் பதிவு செய்தது போலிருக்கிறது. இரண்டாவது வரியிலேயே குரல் ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம்.